அடுக்களையில் இருவர்

யாழ்ப்பாணத்து வீடொன்றிற்கு இரவு தங்க வரும் உறவினரிடம் கேட்கப்படும் முதல் வினாக்களுள் ஒன்று, "இண்டைக்குச் சைவமோ, மச்சமோ?" என்பதாகும். ஒரு சமயத்தின் பெயரும் ஓர் உணவு வகையின் பெயரும் ஒன்றாகிப்போன வழக்கு இது. இங்கே 'சைவம்' என்றால் கோயிலையும் குறிக்கும், கறிச்சட்டியையும் குறிக்கும். ஆறுமுக நாவலர் (1822–1879) புலால் மறுத்தலைச் சைவ ஒழுக்கத்தின் இன்றியமையாத அங்கமென வலியுறுத்தினார். அவருக்குப் பின் வந்த தலைமுறைகளோ, பெரும்பாலான வீடுகளில், அதனை வெள்ளிக்கிழமைக்கும் விரத நாள்களுக்கும் நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாள்களுக்கும் உரியதாகச் சுருக்கிக்கொண்டன. அந்நாள்களில் மச்சச் சட்டிகள் கழுவிக் கவிழ்த்து வைக்கப்படும். வேறு சட்டிகள் அடுப்பேறும். மரக்கறிச் சாப்பாடு என்பது ஒரு கடமை. அது முடிந்ததும் மீன்காரரின் மணியொலிக்குக் காது கொடுப்பதே இயல்பு.

இக்கட்டுரையில் நான் எழுத விரும்புவது வேறொரு மரக்கறிச் சாப்பாட்டைப் பற்றி. விரதத்தோடு அதற்குத் தொடர்பில்லை. கணவனும் மனைவியுமாகிய இருவர், மாலையானதும் ஒரே அடுக்களையில் நின்று சமைத்து, வயிறார உண்டு எழும் நாளாந்த இரவு உணவு அது. அற்பமான பொருள் என்று சிலர் எண்ணக்கூடும். கலைப்பீடத்து மாணவி ஒருத்தி இலக்கியத்தையோ சமூகத்தையோ பற்றி எழுதாமல் பிட்டையும் சொதியையும் பற்றி எழுதுவதா என்று வினவவும் கூடும். இலக்கியமும் சமூகமும் பிட்டுப் பானைக்குள்ளேயும் இருக்கின்றன என்பதே என் எண்ணம்.

நாங்கள் 2022 ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் பதிவுத் திருமணம் செய்துகொண்டோம். நான் கோண்டாவிற் பகுதியைச் சேர்ந்த சைவக் குடும்பத்துப் பெண். கணவர் குருநகர்க் கரையோரத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தவர். அரச அலுவலகமொன்றில் எழுத்து வேலை. திருநெல்வேலியிலே, பல்கலைக்கழகத்துக்கு நடந்து செல்லும் தூரத்தில், இரண்டு அறைகளும் ஒரு சிறு குசினியும் கொண்ட வாடகை வீடு. வருமானம் ஒன்று, வயிறுகள் இரண்டு. அவ்வாண்டு எப்படிப்பட்ட ஆண்டு என்பதை இந்நாட்டில் வாழ்ந்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. அவ்வாண்டு சித்திரை இறுதியில் பன்னிரண்டரைக் கிலோ எரிவாயு உருளையின் விலை 4,860 ரூபாவாகியிருந்தது. அதையும் வாங்குவதற்கு வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. ஆவணியில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாவுக்கு ஏறியது. மண்ணெண்ணெய் இல்லையேல் கரையோரத்துச் சிறு படகுகள் கடலுக்குப் போவதில்லை. படகு போகாவிடின் சந்தையில் மீன் இல்லை. இருந்தாலும் எங்களைப் போன்றோருக்கு இல்லை. புரட்டாதியிலே கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி உணவுப் பொருள்களின் விலை ஓராண்டில் 94.9 வீதம் உயர்ந்திருந்தது. இவ்விலக்கத்தை நான் பொருளியற் பாடத்துக்காக மனனஞ் செய்யவில்லை. சந்தைக்குப் போய்த் திரும்பும் வழியில் கைப்பை அதனைக் கற்பித்தது.

ஆகவே எங்கள் இரவுச் சாப்பாடு மரக்கறியானதற்கு முதற் காரணம் பக்தியுமன்று, உயிரிரக்கமுமன்று; வறுமை என்று ஒளிக்காமற் சொல்லலாம். ஆயினும் நெருக்கடி ஓரளவு தணிந்து, மீன் மீண்டும் வாங்கக்கூடிய பொருளானபோது, நாங்கள் இரவில் மீனுக்குத் திரும்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் மாமி வீட்டில் மீன்குழம்பு உண்கிறோம். அதில் ஒளிவுமறைவு இல்லை. இரவுகள் மட்டும் மரக்கறிக்கென ஆகிவிட்டன. இது ஏன் என்று யோசித்ததன் பயனே இக்கட்டுரை.

முதலில், வயிறு நிறைதல் பற்றி. எங்கள் திருமணத்துக்குப் பின் மாமி என்னிடம் கேட்ட முதற் கேள்வி, "இரவிலை மச்சமில்லாமல் மகனுக்கு வயிறு நிறையுமோ, பிள்ளை?" என்பதுதான். குற்றம் காணும் குரலன்று அது. கடலிலே வலித்துக் களைத்து வந்த மனிதருக்கு நாற்பது வருடம் சோறு போட்ட ஒரு தாயின் நியாயமான கவலை. அவர்கள் வீட்டில் தவக்கால வெள்ளிகளில் 'சுத்தபோசனம்' உண்டு. ஆனால் அது இறைச்சியைத்தான் விலக்கும். மீன் அதற்குட் புகுந்துவிடும். மீனும் இல்லாத ஓர் இரவு அவருக்கு நோயாளியின் இரவு. கஞ்சியோ பாணோ தின்றுவிட்டுப் படுப்பதற்கு ஒப்பானது.

மாமியின் வினா எங்கள் சமையலைத் திருத்தியமைத்தது என்றே சொல்ல வேண்டும். மரக்கறிச் சாப்பாடு வயிற்றை நிறைக்காது என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது? மீன் இருந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு, எஞ்சியதைச் சாப்பாடு என்று அழைப்பதிலிருந்து வருகிறது. சோறு, பருப்பு, ஒரு கீரை என்று முடித்தால் பசி இரவு பதினொரு மணிக்குக் கதவைத் தட்டும். எங்கள் முன்னோர் இதனை அறியாதவரல்லர். உழுத்தம்மாவும் அரிசிமாவும் கலந்து அவிக்கும் பிட்டு, குரக்கன் பிட்டு, பலாக்கொட்டை இட்ட குழம்பு, ஒடியற்பிட்டு ஆகியனவெல்லாம் உழைப்பவரின் வயிற்றை எண்ணியே அமைந்தவை. தானியமும் பருப்பும் சேரும்போது ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது. அரிசியில் குறைவான லைசின் பருப்பு வகைகளில் நிறைய உண்டு என்று போசணை நூல்கள் சொல்கின்றன. ஒரே வேளையில் சேர்த்துத்தான் உண்ண வேண்டும் என்று 1971 இல் தம் நூலொன்றில் எழுதிப் புகழ்பெற்ற பிரான்செஸ் மூர் லாப்பே என்ற அமெரிக்க ஆசிரியை, 1981 ஆம் ஆண்டுப் பதிப்பில் அத்துணைக் கண்டிப்பு வேண்டியதில்லை என்று தம் கருத்தை மாற்றிக்கொண்டார். எங்கள் ஊர்ப் பாட்டிமார் இதில் எந்தப் பதிப்பையும் படிக்காமலே உழுந்தையும் அரிசியையும் சேர்த்து இடித்தனர்.

இனி எங்கள் வீட்டில் கிழமைக்கு இரு முறையாவது ஆகும் சாப்பாட்டைச் சொல்கிறேன்: பிட்டு, கத்தரிக்காய்க் குழம்பு, முருங்கையிலை வறை, சொதி. அவகாசம் இருந்தால் ஒரு வாழைக்காய்ப் பொரியல்.

மாலை ஐந்தரை மணியளவில் திருநெல்வேலிச் சந்தை இளைக்கத் தொடங்கும். காலையில் நிமிர்ந்து பேசிய விலைகள் அப்போது குனிந்து பேசும். வலிகாமத்துச் செம்மண்ணில், கிணற்று நீர் பாய்ச்சி விளைந்த கத்தரிக்காய் அங்கே குவிந்திருக்கும். இவ்வூரின் பெயரையே தாங்கிய ஊதாக் கத்தரி இனமொன்று உண்டு. தோல் மெல்லியது, பொரித்தால் நெய்போல் உருகும். கால் கிலோ போதும். ஒரு கட்டு முருங்கையிலை, ஒரு பிடி பச்சைமிளகாய், சின்ன வெங்காயம், தேசிக்காய் இரண்டு. தேங்காய் மட்டும் எக்காலத்திலும் யோசித்து வாங்கும் பொருள். 2024 இன் இறுதியில் ஒரு தேங்காய் இருநூறு ரூபா அளவை எட்டியபோது நாங்கள் சொதியின் பாலை நீர்ப்பித்துக்கொண்டோம், பிட்டின் தேங்காய்ப்பூவைக் குறைக்கவில்லை. இந்த முடிவு எட்டு நாள் விவாதத்தின் பின் எடுக்கப்பட்டது என்பதை இங்கு பதிவு செய்ய விரும்புகிறேன்.

கணவர் தேங்காய் திருவுவார். திருவலைப் பலகையில் ஒரு காலை மடித்து அமர்ந்து, சிரட்டையைச் சுழற்றிச் சுழற்றி, கறுப்புப் படாமல் வெண்பூவை மட்டும் வழிக்கும் அவரது நிதானம் எனக்கு இல்லை. அதிற் பாதி பிட்டுக்கு. மீதியை நான் பிழிந்து முதற்பாலைத் தனியே வைப்பேன். இரண்டாம் மூன்றாம் பால்களிலே வெங்காயம், பச்சைமிளகாய், வெந்தயம், சிறிது மஞ்சள் இட்டுச் சொதியை ஏற்றுவேன். முதற்பால் விட்டபின் அது பொங்கிக் கொதிக்கலாகாது. நுரைகட்டும் தறுவாயில் இறக்கி, சற்று ஆறியபின்தான் தேசிக்காய்ப்புளி விடவேண்டும். அடுப்பில் இருக்கையிலே புளியை விட்டால் பால் திரைந்துவிடும்.

இதற்கிடையில் மா குழைக்க வேண்டும். வறுத்த சிவப்பரிசி மாவும் அவித்த கோதுமை மாவும் மூன்றுக்கு இரண்டு. மொத்தம் கால் கிலோ. உப்பிட்ட கொதிநீரைச் சிறிது சிறிதாக விட்டு அகப்பைக்காம்பாற் கிளறி, கை பொறுக்கும் சூட்டில் உதிர்க்க வேண்டும். நீர் கூடினால் களி. குறைந்தால் மா தொண்டையில் அடைக்கும். பின்னர் ஒரு பேணியின் விளிம்பால் கொத்துதல். 'டக் டக்' என்ற அவ்வோசை மாலை ஏழு மணிக்கு இவ்வூர் வீடுகள் பலவற்றிலிருந்து எழும். எங்கள் வீட்டில் அந்த ஓசை ஆணின் கையிலிருந்து எழுகிறது என்பது மட்டுமே வேறுபாடு. தேங்காய்ப்பூவைக் கலந்து நீத்துப்பெட்டியில் இட்டால் பத்து நிமிடத்தில் ஆவி மேற்கிளம்பும். பனையோலையும் அரிசியும் கலந்த அந்த மணம் அலுமினியக் குழலில் அவித்த பிட்டுக்கு வாய்ப்பதில்லை என்பது என் தீர்ப்பு. கணவர் குழற்பிட்டின் கட்சி.

குழம்பு விடயத்தில் அவரே ஆசான். என் வீட்டில் கத்தரிக்காயைப் பாலில் அவித்து இறக்குவோம். விரத நாளெனின் உள்ளியும் சேராது. அவரோ கரையோரத்து மீன்குழம்பின் இலக்கணத்தை அப்படியே கத்தரிக்காய்க்கு ஏற்றினார். விரல் நீளத்துக்கு வெட்டிய காயை நல்லெண்ணெயிற் பொன்னிறமாகப் பொரித்து ஒதுக்கிவைப்பார். வெந்தயமும் பெருஞ்சீரகமும் வெடிக்க, உரித்த உள்ளி ஏழெட்டுப் பல், சின்ன வெங்காயம், கறிவேப்பிலை; பின்னர் வறுத்திடித்த மிளகாய்த்தூள், கரைத்த பழப்புளி. அது கொதித்து எண்ணெய் ஓரத்தில் பிரியும்போதுதான் காயும் சிறிது கட்டிப்பாலும் சேரும். மீன் இல்லாத மீன்குழம்பு அது. முதன்முறை உண்டபோது, சைவக் குசினிக்கும் கடற்கரைக் குசினிக்கும் இடையே நான் அதுவரை எண்ணியிருந்த தூரம் ஒரு சட்டியின் அகலந்தான் என்று பட்டது. இவ்வளவு இலகுவான ஒன்றுக்காகத்தான் எங்கள் இரு குடும்பங்களும் எட்டு மாதம் பேசாதிருந்தன.

(சோயா மீற் என்ற பொருளைப் பற்றி ஒரு வார்த்தை. மரக்கறியாளருக்கு இறைச்சியின் நினைவை ஊட்டுவதற்காகச் செய்யப்பட்ட அப்பஞ்சுத் துண்டுகள் எங்கள் வீட்டில் மழைநாளில் மட்டும், வேறு வழியில்லாதபோது, அடுப்பேறும். கத்தரிக்காய் கத்தரிக்காயாகவே இருப்பதில் ஒரு கண்ணியம் உண்டு.)

இத்தனை வேலைகளையும் ஒருவர் தனியே செய்தால் எவ்வளவு நேரமாகும் என்று ஒருநாள் கணக்கிட்டுப் பார்த்தோம். பரீட்சைக் காலமொன்றிலே கணவர் தாமே எல்லாவற்றையும் செய்தார். இரண்டு மணித்தியாலமும் சில நிமிடங்களும் சென்றன. இருவராகச் செய்தால் ஐம்பது நிமிடம். கணிதப்படி அது ஒரு மணித்தியாலமாக அல்லவா இருக்கவேண்டும்? மிச்சமாகும் நேரம் காத்திருப்பில் அடங்கியது. தனியாள் பிட்டு அவியும்வரை குழம்பைக் கிளறலாம். கிளறிக்கொண்டே தேங்காய் திருவ முடியாது. திருவி முடிந்து எழுந்தால் குழம்பு அடிப்பிடித்திருக்கும். ஆகவே ஒன்றன்பின் ஒன்றாகச் செய்ய நேர்கிறது. முதலில் ஆனது ஆறிப்போகிறது.

ஆறிப்போதல் என்ற இச்சொல்லிலேதான் இவ்விடயம் முழுவதும் தங்கியிருக்கிறது. பிட்டு நீத்துப்பெட்டியிலிருந்து கொட்டிய சூட்டில் உண்ண வேண்டிய பண்டம். ஆறினால் இறுகும். எங்கள் வீட்டில் நாங்கள் ஐவர். அம்மா ஒவ்வொரு நீத்துப்பெட்டியாக அவித்துக் கொட்டுவார். முதற்பெட்டி அப்பாவுக்கு, இரண்டாவது அண்ணனுக்கு, மூன்றாவது எனக்கும் தம்பிக்கும். அம்மா இறுதியில், பாத்திரங்களை ஒதுக்கியபின், பெட்டியின் அடியில் எஞ்சியதைச் சட்டியில் ஒட்டிய குழம்போடு குழைத்து நின்றபடியே உண்பார். அவர் சூடான பிட்டை உண்டு நான் கண்டதில்லை. இதனை அவர் குறையாகச் சொன்னதுமில்லை. யாழ்ப்பாணத்து மரக்கறிச் சமையல் உலகத்துக்கே எடுத்துக்காட்டு என்று நம்மவர் மேடைகளிற் பெருமை பேசும்போதெல்லாம், ஒரு வேளைக்கு நான்கு கறியும் சொதியும் துவையலும் வைக்கும் அப்பெருமை எத்தனை பெண்களின் ஆறிய பிட்டின் மேல் எழுந்தது என்று எண்ணத் தோன்றும்.

இரண்டாம் வருடத்திலே குறுந்தொகையின் 167 ஆம் பாடலைப் படித்தோம். கூடலூர் கிழார் பாடியது. புதிதாக இல்லறம் தொடங்கிய பெண்ணைப் பார்த்துவந்த செவிலி, நற்றாய்க்குக் கூறும் செய்தி அது. தயிர் பிசைந்த விரலை உடையிலே துடைத்துக்கொண்டு, தாளிப்புப் புகை மைதீட்டிய கண்ணிலே படிய, தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் இனிதென்று சொல்லி உண்ண, அவள் முகம் நுட்பமாக மலர்ந்தது என்பது அதன் பொருள். இருவரின் வீட்டு மரக்கறி உணவைப் பற்றித் தமிழில் இதனினும் அழகிய சித்திரம் எனக்குத் தெரியாது. விரிவுரை மண்டபத்திலே அப்பாடலின் முல்லைத்திணை இயல்பு, உரிப்பொருள், மெய்ப்பாடு எல்லாம் விளக்கப்பட்டன. மாலையில் வீட்டுக்கு வந்து கணவரிடம் அப்பாடலைச் சொன்னேன். திருவலையில் இருந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தவர், "பிறகு அவ எப்ப சாப்பிட்டவவாம்?" என்று வினவினார்.

பாட்டு அதனைச் சொல்லவில்லை. உரையாசிரியர்களையும் புரட்டினேன், நான் பார்த்த வரையில் எவரும் அவ்வினாவை எழுப்பவில்லை. அது குறையென்று கூறி இரண்டாயிரம் ஆண்டு முந்திய புலவரோடு வழக்காட நான் வரவில்லை. அவர் பாடியது ஒரு முகமலர்ச்சியின் கணத்தை. அதன் நுண்மையில் அவருக்கு நிகரில்லை. ஆயினும் அக்கேள்வி எழுந்தபின் பாடலை முன்போல் வாசிக்க முடியவில்லை. குழம்பு இனிதென்ற ஒரு சொல்லுக்காக மலரும் முகத்தை நான் என் அம்மாவிடம் கண்டிருக்கிறேன். "குழம்பு நல்லாயிருக்கு" என்று அப்பா சொன்ன நாள்கள் அம்மாவின் நல்ல நாள்கள். அந்நாள்களிலும் அம்மா உண்டது ஆறிய பிட்டே.

எங்கள் வீட்டு மேசை சிறியது; பகலில் என் புத்தகங்கள் அதிலிருக்கும். அவற்றை ஒருபுறம் ஒதுக்கி இரண்டு தட்டுகளை வைப்போம். நீத்துப்பெட்டியை நேரே தட்டில் கவிழ்த்தால் கூம்பாக நிற்கும் பிட்டிலிருந்து ஆவி எழும். அதன்மேல் குழம்பை விட்டு, வறையைக் குவித்து, முதலில் காரமாக உண்போம். பின்னர் சொதி விட்டுக் குழைத்து நாவை ஆற்றிக்கொள்வோம். பேச்சு முதல் ஐந்து நிமிடம் இருக்காது. அதன்பின் அலுவலகக் கதை, விரிவுரைக் கதை, வீட்டுக்காரர் வாடகை கூட்டப்போகிறாராம் என்ற கதை. சமைத்தவர் இருவரும் என்பதால் பாராட்டும் கண்டனமும் தயக்கமின்றி வரும். "சொதிக்கு உப்புக் காணாது" என்று அவர் சொன்னால் என் மனம் சுருங்குவதில்லை. மா கட்டிபட்டிருக்கிறது என்று நான் சொன்னால் அவரும் முகம் கோணுவதில்லை. ஒருவர் சமைக்க மற்றவர் உண்ணும் வீட்டில் இச்சொற்கள் எத்தனை இரவுகளைக் கெடுத்திருக்கின்றன என்பதை நாமெல்லாரும் அறிவோம்.

வியாழன் இரவு எஞ்சிய கறிகளெல்லாம் ஒரு சட்டியில் சேரும். பருப்பு, பூசணி, முதல்நாட் குழம்பு, ஒரு கரண்டி தயிர், பொரித்த மோர்மிளகாய். சோற்றோடு பிசைந்து உருண்டையாக்கி ஒருவர் கையில் மற்றவர் வைப்போம். குழையற்சோறு பிள்ளைகளுக்கு உரியது என்பார்கள். வளர்ந்தவர் இருவர் கைநீட்டி வாங்கி உண்பதைத் தடைசெய்யும் சட்டம் எதுவும் இல்லை. மார்கழி, தையில் பனங்கிழங்கு கிண்டும் காலத்தில் மாமி வீட்டிலிருந்து ஒடியல் வரும். அதனை இடித்த மாவை நீரில் ஊறவைத்து, கசப்பு நீரை வடித்துப் பிழிந்து, பலாக்கொட்டையும் பச்சைமிளகாயும் தேங்காய்ப்பூவும் கலந்து அவிக்கும் பிட்டு, உண்டபின் மறுநாட் காலைவரை பசியை நினைக்க விடாது. அதனை உண்ட இரவிலேதான் கணவர் மாமிக்குத் தொலைபேசியில், "அம்மா, வயிறு நிறைஞ்சிட்டுது" என்று அறிவித்தார். மறுமுனையில் மாமி சிரித்தது எனக்கும் கேட்டது. எனினும் அடுத்த ஞாயிறு எங்களுக்குக் கட்டித்தந்த பொதியில் கருவாடு இருந்தது.

என் அம்மாவின் கவலை வேறு. திருமணமாகி ஓராண்டு கழிந்தபின்னரே அவர் எங்கள் வீட்டில் இரவு தங்க வந்தார். பிட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்த கணவரைக் கண்டதும் குசினி வாசலிலேயே நின்றுவிட்டார். "தம்பி, நீங்கள் எழும்புங்கோ. உது பொம்பிளையளின்ரை வேலை," என்றார். கணவர் மரியாதையாகச் சிரித்துவிட்டுக் கொத்தத் தொடங்கினார். அம்மாவால் அதனைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பேணியைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அதன்பின் அந்த இரவு எங்கள் கையில் இல்லை. முதற்பெட்டி மருமகனுக்கு, இரண்டாவது மகளுக்கு என்று பழைய ஒழுங்கு ஒரு நொடியிலே மீண்டது. "நீங்களும் இருங்கோ அம்மா" என்று நாங்கள் மாறிமாறிச் சொன்னோம். "நீங்கள் சாப்பிடுங்கோ, நான் பிறகு" என்றார். அந்தப் 'பிறகு' எனக்குப் பழகிய சொல்.

ஊருக்குத் திரும்பிய அம்மா, மருமகன் குணமானவர் என்று உறவினரிடம் சொன்னாராம். அடுக்களைக் கதையைச் சொல்லவில்லையாம். மகளின் வீட்டைப் பார்த்துவந்து சொல்லும் பழைய செய்தியில் அதற்கு இன்னும் இடம் வகுக்கப்படவில்லைப் போலும். இதனை ஏளனமாக நான் எழுதவில்லை. வாழ்நாள் முழுவதும் ஓர் அடுப்பின் முன் நின்று, அதனாலேயே தம் மதிப்பை அறிந்தவர் அவர். அந்த இடத்தை இன்னொருவர், அதிலும் ஓர் ஆண், இலகுவாக எடுத்துக்கொள்வதைக் கண்டால், தம் உழைப்பு அவ்வளவு இலகுவானதா என்ற ஐயம் அவருக்குள் எழாதா?

அடுத்தமுறை அம்மா வருவதாகச் சொன்ன நாளில் நாங்கள் ஒரு திட்டம் வகுத்தோம். அவர் பேருந்தால் இறங்கி வீட்டுக்கு வந்து கைகால் கழுவும் நேரத்தைக் கணக்கிட்டு, அதற்குள் குழம்பையும் வறையையும் முடித்து, மூன்று நீத்துப்பெட்டிகளை ஒன்றாக அவியவைத்தோம். மூன்று தட்டுகளிலும் கூம்புகளைக் கவிழ்த்து, குழம்பும் விட்டு, மேசையில் வைத்தபின்னரே அம்மாவைக் கூப்பிட்டோம். செய்வதற்கு அவருக்கு ஒரு வேலையும் மிஞ்சியிருக்கவில்லை. மேசையையும் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். பின் தம் தட்டை எடுத்துக்கொண்டு, எங்களோடு இராமல், குசினி வாசற்படியிலே போய் இருந்தார். எங்களுக்கு முதுகைக் காட்டியபடி, முற்றத்துத் தேசிமரத்தைப் பார்த்துக்கொண்டு, ஆறுதலாக உண்டார். தட்டிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது.